லெஸ்யா உக்ரைன்காவின் விமர்சனத்தில் மக்கள்வாதமும் நவ கற்பனாவாதமும்: ஓர் எளிய அறிமுகம்

1900-ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வெளிவந்த 'ஜீஸ்ன்' என்ற இதழில் ஒரு விமர்சனக் கட்டுரை வந்தது. அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ஓரத்தில் இருந்த புகோவினா வட்டாரத்தையொட்டி உக்ரைனிய மொழியில் எழுதிய மூன்று பேரைப் பற்றியது அந்தக் கட்டுரை. அவர்களில் ஒருவர் வசில் ஸ்தெஃபானிக். விவசாயிகளைப் பற்றி மட்டுமே எழுதியவர் என்றுகூடச் சொல்லிவிடலாம். நிலமில்லாதவர்கள், பசியில் கிடப்பவர்கள், ஊரைவிட்டுக் கனடாவுக்குக் கப்பலேறுபவர்கள் இவர்கள்தான் அவருடைய கதைமாந்தர்கள். ஆனால் கட்டுரையாளர் அவரைப் பற்றிச் சொல்லும் முக்கியமான விஷயம், இவர் மக்கள்வாதி இல்லை என்பது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, பெரிய பாராட்டாகவே சொல்கிறார்.

விவசாயியைப் பற்றியே எழுதும் ஒருவர் எப்படி மக்கள்வாதி இல்லாமல் போவார்? அது எப்படிப் பாராட்டாகும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால், உக்ரைனிய இலக்கியத்தில் நூறாண்டுக்கும் மேலாக நடக்கும் ஒரு விவாதத்தின் மையம் நமக்குப் பிடிபட்டுவிடும்.

கட்டுரையை எழுதியவர் லெஸ்யா உக்ரைன்கா. இயற்பெயர் லரிசா கோசாச். 1871-இல் வொலீன் பகுதியில் பிறந்து, 1913-இல் ஜார்ஜியாவில் சுராமி என்ற ஊரில் இறந்தவர். உக்ரைனின் 200 ஹிரிவ்னா நோட்டில் இருப்பது அவருடைய முகம்தான். கவிஞராக, நாடகாசிரியராக அவரை எல்லோருக்கும் தெரியும். விமர்சகராக அவரைப் படிப்பவர்கள் குறைவு. எழுதிய விமர்சனமும் அளவில் குறைவுதான். ஆனாலும் அவருடைய நாடகங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று கேட்டால், பதில் அந்தச் சில கட்டுரைகளில்தான் கிடைக்கும்.

முதலில் மக்கள்வாதம். இன்றைய அரசியல் செய்திகளில் வாக்குகளுக்காகக் கூட்டத்தைக் கவரும் தலைவர்களைக் குறிக்கும் சொல்லாக இது அடிபடுகிறது. இங்கே பேசுவது அதுவல்ல. லெனின் நூல்களைத் தமிழில் படித்தவர்களுக்கு 'நரோத்னிக்குகள்' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். அவர்களுடைய மரபுதான் இது. 1874 கோடையில் ரஷ்யப் பேரரசின் பல நகரங்களிலிருந்து மாணவர்கள் ஆயிரக்கணக்கில் கிராமங்களுக்குப் போனார்கள். உண்மையான அறமும் எதிர்காலமும் விவசாயியிடம்தான் இருக்கின்றன, படித்தவர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. நகரத்து அறிவுஜீவி உள்ளே அழுகிப்போனவர், கிராமத்து விவசாயி ஆரோக்கியமானவர் என்ற எதிர்நிலை அந்த நம்பிக்கையின் அடித்தளம்.

உக்ரைனில் இதற்கு இன்னொரு வலுவும் இருந்தது. அங்கே விவசாயி ஏழை மட்டுமல்ல, மொழியைக் காப்பாற்றி வைத்திருப்பவரும் அவர்தான். உயர்குடியினர் போலிஷ் பேசினார்கள், அதிகாரிகள் ரஷ்யன் பேசினார்கள். உக்ரைனிய மொழி உயிரோடு இருந்த இடம் கிராமம். 1863-இல் ரஷ்ய உள்துறை அமைச்சர் வலுயெவ் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தனியாக ஓர் உக்ரைனிய மொழி இருந்ததும் இல்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தை மேற்கோள் காட்டி, அந்த மொழியில் மதநூல்களையும் பாடநூல்களையும் அச்சிடுவதை நிறுத்தினார். 1876-இல் இரண்டாம் அலெக்சாண்டர் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்வில் இருந்தபோது கையெழுத்திட்ட ஆணை இன்னும் கடுமையானது. உக்ரைனியப் புத்தகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை, மொழிபெயர்ப்புகளுக்குத் தடை, மேடை நாடகத்துக்கும் தடை. இந்தப் பிடி 1905 வரை விலகவில்லை. இப்படிப்பட்ட நெருக்கடியில் கிராமத்துப் பாட்டையும் பழமொழியையும் பேச்சையும் சேகரிப்பது வெறும் ஆர்வம் இல்லை, ஒரு சமூகத்தை உயிரோடு வைத்திருக்கும் வேலை.

அதனால் மக்கள்வாத எழுத்தாளர்களை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. மார்கோ வொவ்சோக் என்ற புனைபெயரில் எழுதிய பெண் 1857-இல், பண்ணையடிமை முறை ஒழிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, அடிமைப் பெண்களின் குரலில் கதைகள் சொன்னார். நெச்சுய்-லெவித்ஸ்கி, பானாஸ் மிர்னி போன்றவர்கள் கிராம வாழ்க்கையைப் பெரிய நாவல்களாக்கினார்கள். அன்றைக்கு அந்த எழுத்துக்குத் துணிவு வேண்டியிருந்தது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒரு காலத்தில் தேவையாக இருந்தது, பிறகு விதியாகிவிட்டது. உக்ரைனிய இலக்கியம் என்றால் விவசாயியைப் பற்றி இருக்க வேண்டும், விவசாயிக்குப் புரிய வேண்டும், விவசாயியை நல்லவராகக் காட்ட வேண்டும், வைக்கோல் வேய்ந்த வீடும் செர்ரித் தோட்டமும் கட்டாயம் வர வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று உருவானது. வரலாற்றாசிரியர் கொஸ்தொமாரொவ் ஒரு கட்டத்தில் உக்ரைனிய எழுத்து 'வீட்டு உபயோகத்துக்கு' இருந்தால் போதும் என்கிற அளவுக்கு வந்தார். அதாவது எளிய மக்களுக்கான எளிய நூல்கள் அந்த மொழியில் வரலாம், உயர்ந்த சிந்தனைக்கும் உலக இலக்கியத்துக்கும் ரஷ்ய மொழி இருக்கிறது என்பது பொருள். மொழியை நேசித்த ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததுதான் வேதனை. எம்ஸ் ஆணை மொழிபெயர்ப்பைத் தடுத்ததன் நோக்கமும் இதுதானே? ஷேக்ஸ்பியரையும் ஜெர்மன் கவிஞர் ஹைனேயையும் பேச முடியாத மொழியாக உக்ரைனியத்தை வைத்திருப்பது. பேரரசு வெளியிலிருந்து போட்ட வேலியை மக்கள்வாதம் தெரியாமலேயே உள்ளிருந்து ஏற்றுக்கொண்டது. என்னைப் பொறுத்தவரை லெஸ்யாவின் விமர்சனம் முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

அவர் வளர்ந்த வீடு இந்த வேலியை ஒத்துக்கொள்ளாத வீடு. அம்மா ஒலேனா ப்சில்கா, எழுத்தாளர். தாய்மாமன் மிஹைலோ திராஹொமானொவ், கீவ் பல்கலைக்கழகத்தில் அரசியல் காரணத்தால் வேலையிழந்து ஜெனீவாவுக்குப் போய், பிறகு பல்கேரியாவின் சோஃபியாவில் பேராசிரியராக இருந்தவர். விவசாயிக்காக வாழ்நாள் முழுதும் பேசியவர், ஆனால் விவசாயியைச் சிலையாக்கிக் கும்பிடுவதை விரும்பாதவர். லெஸ்யா 1894-95-இல் சோஃபியாவில் அவரோடு தங்கியிருந்தார். இன்னொன்று, சிறுவயதிலேயே வந்த எலும்புக் காசநோய். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தார், மொழி மேல் மொழியாகக் கற்றார். 1889-இல் அண்ணனும் தோழர்களும் சேர்ந்த 'ப்ளெயாதா' என்ற கீவ் இலக்கிய வட்டத்துக்காக, உக்ரைனியத்தில் மொழிபெயர்க்க வேண்டிய உலக எழுத்தாளர்களின் நீண்ட பட்டியல் ஒன்றைக் கடிதத்தில் அனுப்பினார். அந்த வயதில் தங்கைகளுக்காகக் கிழக்கு நாடுகளின் பழைய வரலாற்றைப் பாடநூலாக எழுதினார், ரிக்வேதப் பாடல்கள் சிலவற்றைக்கூட உக்ரைனியத்தில் தந்தார். தடைசெய்யப்பட்ட மொழியில், படுக்கையில் கிடந்தபடி, ஓர் இளம்பெண் செய்த வேலை இது. அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு 1893-இல் ல்விவ் நகரில்தான் அச்சாக முடிந்தது, எல்லைக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரிய ஆட்சியில்.

மக்கள்வாதத்தோடு அவருடைய முதல் வெளிப்படையான மோதல் ஒரு பெரிய மனிதரோடு நடந்தது. எழுத்தாளர் இவான் ஃபிராங்கோ 1896 முடிவில் தன்னுடைய பத்திரிகையில், ரஷ்ய ஆட்சியின் கீழ் இருக்கும் உக்ரைனிய இளைஞர்கள் விவசாயியிடமிருந்து விலகி நிற்கிறார்கள், கிராமத்தில் இறங்கி வேலை செய்வதில்லை என்று கடிந்து எழுதினார். லெஸ்யா 1897-இல் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு, உக்ரைனின் தேசியக் கவிஞர் ஷெவ்சென்கோவின் ஒரு வரி. எதிரிகள்கூட அவ்வளவு கெடுதல் செய்வதில்லை, நல்லவர்கள் செய்வதுதான் அதிகம் என்று பொருள்படும் வரி. படித்தவர்களும் இந்த மக்களில் ஒரு பகுதிதான், அவர்களுக்கு அரசியல் சுதந்திரம் இல்லாமல் கிராமத்தில் என்ன பிரச்சாரம் செய்தும் பலனில்லை, முதலில் இந்தச் சமூகம் இழந்துவிட்ட மூளையை அதற்குத் திருப்பித் தர வேண்டும் என்பது அவருடைய வாதம். அப்போது அவருக்கு வயது 26. ஃபிராங்கோ அடுத்த ஆண்டே அவருடைய கவிதைகளைப் பற்றி எழுதி, ஷெவ்சென்கோவுக்குப் பிறகு இவ்வளவு வலிமையான குரலை உக்ரைன் கேட்டதில்லை என்று பாராட்டினார். அந்தப் பண்பைக் குறிப்பிடத்தான் வேண்டும்.

சரி, 1900-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வருவோம். அது முதலில் கீவில் ஓர் இலக்கியச் சங்கத்தில் ஆற்றிய உரை. பிறகு ரஷ்ய மொழியில் 'ஜீஸ்ன்' இதழில் வந்தது. உக்ரைனிய இலக்கியத்தைப் பற்றி உக்ரைனிய மொழியில் எழுத அன்றைய ரஷ்யப் பேரரசில் இதழ் கிடையாது. 'ஜீஸ்ன்' அப்போது மார்க்சியர்கள் எழுதிய இதழ், நரோத்னிக்குகளோடு சண்டையில் இருந்த இதழ். எனவே "இவர் மக்கள்வாதி இல்லை" என்ற சொல்லுக்கு அந்த வாசகரிடம் தனி ஒலி இருந்திருக்கும்.

கட்டுரை பேசும் மூவர்: முன்னோடிக் கவிஞர் யூரிய் ஃபெத்கோவிச், நாவலாசிரியர் ஓல்ஹா கோபிலியான்ஸ்கா, ஸ்தெஃபானிக். கடைசியில் சொன்னவர் உண்மையில் பக்கத்து மாகாணமான கலீசியாவைச் சேர்ந்தவர், ஆனால் முதல் தொகுப்பான 'நீலப் புத்தகம்' 1899-இல் புகோவினாவின் தலைநகர் செர்னிவ்த்சியில் வெளிவந்தது.

கோபிலியான்ஸ்காவின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. அவர் ஜெர்மன் சூழலில் வளர்ந்தார், முதலில் ஜெர்மனில்தான் எழுதினார், நீட்சேயை விரும்பிப் படித்தார். 1896-இல் புத்தகமாக வந்த 'இளவரசி' என்ற நாவலின் நாயகி விவசாயப் பெண் இல்லை. படித்த, தனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும் என்று நினைக்கிற, திருமணத்தைப் பிழைப்புக்கான வழியாகப் பார்க்க மறுக்கிற பெண். மக்கள்வாத விமர்சகர்களுக்கு இது ஒட்டவில்லை. ஜெர்மன் தாக்கம் இவரைக் கெடுத்துவிட்டது என்றார்கள். லெஸ்யா 1899-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் நேர் எதிராகச் சொன்னார்: ஜெர்மன் பண்பாடு உங்களைக் கெடுக்கவில்லை, அதுதான் உங்களை ஆளாக்கியது, ஐரோப்பாவின் அகன்ற உலகத்தை உங்களுக்குக் காட்டியது. அந்நியத் தாக்கம் என்ற குற்றச்சாட்டை அவர் மறுக்கக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை அப்படியே எடுத்து நன்மையாக மாற்றிவிட்டார்.

ஸ்தெஃபானிக் பற்றிய பகுதிதான் கட்டுரையின் உச்சம். லெஸ்யாவின் வாதத்தை என் சொற்களில் சொன்னால் இப்படி வரும். இவருடைய கதைகளில் வரும் மக்கள், நகரத்துப் படித்தவர்களுக்குத் தெரியாத ஏதோ புனிதமான நற்குணங்களைச் சுமந்துகொண்டு நிற்பவர்கள் இல்லை. அந்த நற்குணங்கள் அவர்களிடம் இல்லாமலே போயிருக்கின்றன. அந்த இல்லாமையை ஒரு வலிய, அன்பான கை திறந்து காட்டுகிறது. யோசிக்கிற வாசகரை அது உலுக்குகிற அளவுக்கு, மக்கள்வாதிகள் நல்ல நோக்கத்தோடு எழுதிய உருக்கமான புகழுரைகள் உலுக்குவதில்லை.

இதை ஒரு கதையோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். 'நீலப் புத்தகம்' தொகுப்பில் 'செய்தி' என்ற கதை இருக்கிறது, மூன்று நான்கு பக்கம்தான். முதல் வாக்கியத்திலேயே எல்லாம் சொல்லிவிடுகிறார்: ஹ்ரித்ஸ் என்ற விவசாயி தன் சின்ன மகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டான் என்று ஊரில் செய்தி, பெரியவளையும் மூழ்கடிக்கப் போனான், அவள் கெஞ்சித் தப்பித்துக்கொண்டாள். மனைவி இறந்து இரண்டு வருடம். வீட்டில் விறகு இல்லை, உணவு இல்லை. ரொட்டித் துண்டைக் கடிக்கும் குழந்தைகளைப் பார்க்கிறான், எலும்பும் கண்ணும்தான் தெரிகின்றன, செத்தவர்களைப் போல இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஒருநாள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறான். சின்னவளை எறிந்துவிடுகிறான். பெரியவள் ஹாண்ட்ஸ்யா, அப்பா என்னை மூழ்கடிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறாள். சரி, நீ கெஞ்சுவதால் விடுகிறேன், ஆனால் செத்திருந்தால் உனக்கு நல்லதாக இருந்திருக்கும் என்கிறான். ஊரில் எந்த வீட்டில் போய் வேலைக்கு நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறான். அவள் கொஞ்ச தூரம் போனதும் திரும்பக் கூப்பிட்டு ஒரு குச்சியைக் கொடுக்கிறான். வழியில் நாய் வந்தால் கடித்துக் குதறிவிடும், கையில் குச்சி இருந்தால் பாதுகாப்பு என்கிறான்.

அப்புறம் அதிகாரியிடம் போய் ஒப்புக்கொள்ளக் கிளம்புகிறான். நகரத்துக்குப் போகும் வழி ஆற்றைக் கடந்து போகிறது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறான், கணுக்கால் நனைந்ததும் உறைந்து நிற்கிறான், பிரார்த்தனையை முணுமுணுக்கிறான். திரும்பி வந்து பாலத்தைப் பார்த்து நடக்கிறான். கதை அங்கே முடிகிறது.

இந்த மனிதனை எந்த மக்கள்வாதச் சட்டகத்துக்குள் வைப்பீர்கள்? கிராமத்தின் தூய்மைக்கு எடுத்துக்காட்டாக வைக்க முடியாது, குழந்தையைக் கொன்றவன். வறுமையின் கையில் வெறும் பொம்மை என்று சொல்லிவிடவும் முடியாது, குச்சியைக் கொடுத்தவன், அந்தத் தண்ணீரில் இறங்க முடியாதவன். ஆசிரியர் ஒரு வரிகூட நியாயப்படுத்தவில்லை, ஒரு வரிகூடத் திட்டவில்லை. ஹ்ரித்ஸ் 'விவசாயி' என்ற வகைமாதிரியாக இல்லாமல் ஹ்ரித்ஸாகவே இருக்கிறான். லெஸ்யா இந்தக் குறிப்பிட்ட கதையை இப்படி அலசினார் என்று நான் சொல்லவில்லை. ஸ்தெஃபானிக்கிடம் அவர் மதித்தது எது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

இங்கிருந்து நவ கற்பனாவாதத்துக்குப் போக ஒரே அடிதான். கற்பனாவாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐரோப்பாவை ஆண்ட இயக்கம். பைரனின் நாயகர்கள் போல, கூட்டத்துக்கு மேலே நிற்கும், கூட்டத்தை வெறுக்கும் தனித்த வீரன் அதன் மையம். பிறகு யதார்த்தவாதம், அதன் தீவிர வடிவமான இயல்புவாதம். பிரெஞ்சு நாவலாசிரியர் சோலா போன்றவர்கள் மனிதனைப் பரம்பரையும் சூழலும் தீர்மானிக்கின்றன என்றார்கள். நூற்றாண்டின் கடைசியில் இதிலிருந்து விலகி, மனித மனத்தின் விருப்பத்தையும் கனவையும் அழகையும் திரும்பத் தேடிய எழுத்துக்கு நவ கற்பனாவாதம் என்று பெயர் வந்தது. பாடநூல் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். லெஸ்யா நிறுத்தவில்லை.

1901-இல் ஐரோப்பாவின் சமூக நாடகம் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் மூன்று இயக்கங்களையும் ஒரே கேள்வியால் அளக்கிறார்: தனிமனிதருக்கும் கூட்டத்துக்கும் என்ன உறவு? பழைய கற்பனாவாதம் தனிமனிதனைக் கூட்டத்திடமிருந்து விடுவிக்கப் பார்த்தது, ஆனால் அசாதாரணமானவனை, வீரனை மட்டும்தான். இயல்புவாதம் தனிமனிதன் கூட்டத்துக்கு மீள வழியின்றிக் கட்டுப்பட்டவன் என்று தீர்ப்பு எழுதிவிட்டது. நவ கற்பனாவாதம் கூட்டத்துக்குள்ளேயே இருக்கும் தனிமனிதரை விடுவிக்க முயல்கிறது. அவருடைய உரிமைகளை விரிக்கிறது, தன்னைப் போன்றவர்களைக் கண்டுகொள்ள வழிசெய்கிறது. அவர் அசாதாரணமானவராக இருந்தால், மற்றவர்களின் மட்டத்துக்கு இறங்காமல் அவர்களைத் தன் மட்டத்துக்கு உயர்த்த வாய்ப்புத் தருகிறது. நித்தியமான தார்மிகத் தனிமை, இல்லையென்றால் தார்மிகப் பட்டாளக் கொட்டடி என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் இனி இல்லை என்கிறார்.

அந்தக் கடைசிச் சொல்லாட்சி அவருடையதேதான், அதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தார்மிகத் தனிமை யாருடையது? மலையுச்சியில் நிற்கும் கற்பனாவாத வீரனுடையது. பட்டாளக் கொட்டடி யாருடையது? எல்லோரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும், ஒரே மாதிரி எழுத வேண்டும், மக்களுக்காக என்ற பெயரில் தன்னை அழித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் இயக்கங்களுடையது. மக்கள்வாதத்தை அவர் இங்கே பெயர் சொல்லித் தாக்கவில்லை. ஆனால் உக்ரைனிய இலக்கியத்தில் அந்தக் கொட்டடி எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

இந்த வாதத்துக்கு அவர் காட்டும் முக்கிய உதாரணம் ஜெர்மன் நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹவுப்ட்மனின் 'நெசவாளர்கள்' நாடகம். 1844-இல் சைலீசியாவில் கைத்தறி நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்ததைப் பற்றி 1892-இல் எழுதப்பட்டது. பொது மேடையில் நடிக்க பெர்லின் போலீஸ் தடை போட்டது. ஐந்து அங்கங்கள், டஜன்கணக்கான பாத்திரங்கள், நாயகன் என்று ஒருவர் இல்லை. அதற்கு முன்னால் நாடக மேடையில் கூட்டம் என்றால் பின்னணியில் நின்று ஒரே குரலில் கத்துபவர்கள். ஹவுப்ட்மன் அந்தக் கூட்டத்தைப் பிரித்து ஆள் ஆளாக நிறுத்திவிட்டார் என்பது லெஸ்யாவின் பார்வை. பசியில் மயங்கி விழும் சிறுவன், ராணுவத்திலிருந்து திரும்பி எல்லோரையும் உசுப்பும் இளைஞன், கிளர்ச்சியில் சேர மாட்டேன் என்று தறியில் உட்காரும் பக்திமான் கிழவர் ஹில்சே. கடைசியில் எங்கிருந்தோ வந்த குண்டு அந்தக் கிழவரைத் தறியிலேயே சாய்த்துவிடுகிறது. கிளர்ச்சிக்காரர்கள் மட்டும்தான் மக்கள், ஹில்சே பிற்போக்கு என்று நாடகம் ஒதுக்கவில்லை. ஒவ்வொருவரும் தன்னளவில் முழுமையானவர். குருட்டு விசையாக இருந்த திரள் மறைந்து, சுதந்திரமான மனிதர்கள் சேர்ந்த சமூகம் அதன் இடத்துக்கு வருகிறது, உண்மையான சமூக நாடகம் அங்கேதான் தொடங்குகிறது என்பது லெஸ்யாவின் முடிவு.

பலர் 'நெசவாளர்க'ளை இயல்புவாதத்தின் சிகரம் என்று வகைப்படுத்துவார்கள். லெஸ்யா அதை நவ கற்பனாவாதத்தின் பக்கம் இழுக்கிறார். வகைப்பாடாகப் பார்த்தால் எதிர்வாதம் உண்டு. ஆனால் அவருக்கு இந்தப் பெயர் பாணியைக் குறிப்பதில்லை. காடும் நிலவும் தேவதையும் வந்தால் அது நவ கற்பனாவாதம் என்று அவர் நினைக்கவில்லை. பாத்திரத்தை எழுத்தாளர் எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் அளவுகோல். எவ்வளவு அற்பமான மனிதராக இருந்தாலும் அவருக்கென்று ஓர் இறையாண்மை உண்டு என்று ஒப்புக்கொண்டால் போதும். அதனால்தான் பசியும் பிணமுமாக இருக்கும் ஸ்தெஃபானிக்கும், பியானோ இசையும் தனிமையுமாக இருக்கும் கோபிலியான்ஸ்காவும் அவருடைய ரசனையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடிகிறது.

வின்னிச்சென்கோ என்ற இளம் எழுத்தாளர் பண்ணைக்கூலிகளைப் பற்றி எழுதியபோது, அவரைப் பற்றியும் இதே கோணத்தில் ஒரு கட்டுரையை லெஸ்யா தொடங்கினார். முடிக்கவில்லை.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1902-இல் விமர்சகர் செர்ஹிய் யெஃப்ரெமொவ் 'புதிய அழகைத் தேடி' என்ற நீண்ட கட்டுரையைக் கீவ் இதழ் ஒன்றில் எழுதினார். கோபிலியான்ஸ்காவையும் அவரைப் போன்ற புதியவர்களையும் கடுமையாகச் சாடினார். மக்களின் துன்பத்தை மறந்துவிட்டார்கள், மேற்கின் நோயை இறக்குமதி செய்கிறார்கள் என்பது சாரம். யெஃப்ரெமொவ் நேர்மையான மனிதர், பிற்காலத்தில் 1930-இல் சோவியத் அரசு நடத்திய ஜோடிப்பு வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையிலேயே 1939-இல் இறந்தவர். அவரைச் சிறுமைப்படுத்த மனம் வரவில்லை. ஆனால் இலக்கியத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி: இதனால் மக்களுக்கு என்ன பயன்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கோபிலியான்ஸ்காவைப் படிக்க முடியாது. லெஸ்யா இந்தத் தாக்குதலால் கொதித்துப்போனார், நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அது தெரிகிறது.

அவர்மேலும் இதே வகைக் குறை சொன்னார்கள். ட்ராய், பாபிலோன், ஆதிக் கிறிஸ்தவ ரோம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றம், ஸ்பெயினின் டான் ஜுவான் என்று எங்கெங்கோ நாடகக் களத்தை வைக்கிறார், உக்ரைன் எங்கே என்று கேட்டார்கள். அவற்றைப் படித்தால் கேள்விக்குப் பதில் கிடைக்கும். பாபிலோனில் சிறைப்பட்டவர்கள் எந்த மொழியில் பாடுவது என்று திண்டாடும்போது எம்ஸ் ஆணையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

இதையெல்லாம் வைத்து லெஸ்யா மக்களை விட்டு விலகிய மேட்டிமைவாதி என்று முடிவுகட்டுபவர்கள் இன்றும் உண்டு, அவரைப் புகழ்வதாக நினைத்தே அப்படிச் சொல்பவர்களும் உண்டு. இருவருமே தவறு. அவரும் கணவர் கிளிமென்ட் க்வித்காவும் நாட்டுப்பாடல்களைச் சேகரிப்பதில் பல ஆண்டுகள் செலவிட்டார்கள். 1908-இல் ஃபிலாரெட் கொலெஸ்ஸா என்ற இசையறிஞர், கோப்சா என்ற நரம்பிசைக் கருவியை இசைக்கும் பார்வையற்ற பாணர்கள் பாடும் 'தூமா' என்ற வீரப்பாடல்களை ஃபோனோகிராஃப் உருளைகளில் பதிவுசெய்ய வந்தார். அதற்கான பணத்தை இந்தத் தம்பதிதான் பெயர் சொல்லாமல் கொடுத்தது. வசதியான குடும்பம் இல்லை, சிகிச்சைக்கே பணம் கரைந்துகொண்டிருந்தது. மக்கள்வாதி செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியத்தை மக்கள்வாதத்தின் விமர்சகர் செய்தார். பாணரின் குரல் அழியக் கூடாது என்று நினைப்பதும், பாணரைப் போலவே எல்லோரும் எழுத வேண்டும் என்று கட்டளையிடுவதும் வேறு வேறு என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை.

1911-இல் எழுதிய 'காட்டுப் பாடல்' நாடகத்தில் இந்த இரண்டும் சேர்கின்றன. வொலீன் காட்டின் நாட்டார் நம்பிக்கைகள் முழுக்க அதில் இருக்கின்றன, மாவ்கா என்ற வனப்பெண், நீர்நிலைகளின் ஆவிகள் எல்லாம். லுகாஷ் என்ற கிராமத்து இளைஞன் குழல் வாசிக்கிறான், அந்த இசையில் அவனுடைய உள்ளத்தை மாவ்கா கேட்டுவிடுகிறாள். பிறகு வீட்டு வேலை, அம்மாவின் நச்சரிப்பு, வசதிக்காக ஒரு கல்யாணம் என்று அவன் சிறுத்துப்போகிறான். மாவ்கா ஓர் இடத்தில் அவனிடம், உன்னைக் குறை சொல்லவில்லை, உன் வாழ்க்கையால் உன் அளவுக்கே நீ உயர முடியவில்லையே என்றுதான் வருத்தம் என்று சொல்கிறாள். மக்கள்வாதக் கதையில் கிராமத்து இளைஞனிடம் இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் கிராமத்தவனாக இருப்பதே போதும் என்று விட்டிருப்பார்கள். இயல்புவாதியும் கேட்டிருக்க மாட்டார், சூழல் அப்படி என்று சொல்லி முடித்திருப்பார். லெஸ்யாவுக்கு லுகாஷ் தன்னளவில் உயரமானவன், அதனால்தான் அவனிடம் எதிர்பார்க்கிறார்.

கடைசியாக ஒரு தகவல், இந்தக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க நினைப்பவர்களுக்கு. 1901-இல் கார்க்கியின் புயற்பறவைப் பாடலை வெளியிட்ட சில வாரங்களில் 'ஜீஸ்ன்' இதழை அரசு மூடியது. அந்த இதழுக்காக எழுதிய சமூக நாடகக் கட்டுரை கையெழுத்துப் பிரதியாகவே தங்கிவிட்டது. மறு ஆண்டு யெஃப்ரெமொவ் கிளப்பிய விவாதத்தில் ஆளுக்கு ஆள் சண்டையிட்டபோது, கூட்டத்துக்குள் இருக்கும் தனிமனிதரைப் பற்றிய லெஸ்யாவின் அந்த வரையறை யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2021-இல், அவருடைய 150-ஆம் பிறந்த ஆண்டில், தணிக்கை இல்லாத முழுத் தொகுப்பு 14 தொகுதிகளாக வந்திருக்கிறது. தொடங்குபவர்கள் நாடகக் கட்டுரையை விட்டுவிட்டுப் புகோவினாக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள், கூடவே ஸ்தெஃபானிக்கின் கதைகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.